இரண்டு பொத்தானில் ஒரு தடகளப் போட்டி: பழைய டிவி கேமை வீட்டில் ஆட ஓர் அறிமுகம்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நாள்களுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு நாளில் நாலு பேரும் ஒரு டிவியும் ஒரே ஒரு கன்ட்ரோலரும் இருந்தால் போதும், கூடத்திலேயே ஒரு தடகளப் போட்டி நடத்திவிடலாம். 1980களில் வந்த பல போட்டி விளையாட்டு வகையைத்தான் சொல்கிறேன். நூறு மீட்டர் ஓட்டம், லாங் ஜம்ப், தடை ஓட்டம், ஈட்டி எறிதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் டிவி கேம். இதுவரை அதைத் தொட்டதே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், ஆடுவது தானாகவே கைவரும்.

எனக்கு இந்த வகையின் மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம் எளிது. ஒவ்வொரு போட்டியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒருவர் ஓடி முடித்ததும் கன்ட்ரோலர் அடுத்தவர் கைக்குப் போகும். யாரும் அரைமணி நேரம் காத்துக் கிடக்க வேண்டாம். கதை கிடையாது, பத்தொன்பது பொத்தான்கள் கிடையாது, முன்பே நூறு மணி நேரம் ஆடியவருக்குக் கூடுதல் ஆயுதம் கிடைக்கும் ஏற்பாடும் கிடையாது. பேரனும் பாட்டாவும் ஒரே கோட்டில் நின்று தொடங்கலாம்.

இந்த வகையைப் பரப்பியது ஜப்பானின் கொனாமி நிறுவனம். 1983-ல் அது ‘ட்ராக் அண்ட் ஃபீல்ட்’ என்ற ஆர்கேட் விளையாட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானில் அதன் பெயர் ‘ஹைப்பர் ஒலிம்பிக்’. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி அது. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வர இருந்ததால் சமயமும் கூடிவந்தது. அதில் ஆறு போட்டிகள்: 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 110 மீட்டர் தடை ஓட்டம், சங்கிலிக் குண்டு எறிதல், உயரம் தாண்டுதல். ஆட்டித் திசை காட்டும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக் கிடையாது. ஓடுவதற்கு இரண்டு பொத்தான், தாவவோ எறியவோ ஒரு பொத்தான், அவ்வளவுதான். அதே 1983-ல் அமெரிக்காவில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக டேவிட் கிரேன் எழுதிய டெகாத்லான் விளையாட்டு அடாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டிக்கு வந்தது. அதில் ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி ஓட வேண்டும். உண்மையான டெகாத்லானில் உள்ளதுபோலவே பத்துப் போட்டிகள், கடைசியில் 1500 மீட்டர் ஓட்டம் வேறு. அந்த ஓட்டத்தில் உடைந்த ஜாய்ஸ்டிக்குகளைப் பற்றி அந்தக் காலத்தில் ஆடியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1984-ல் எபிக்ஸ் நிறுவனத்தின் ‘சம்மர் கேம்ஸ்’, கொனாமியின் அடுத்த பகுதியான ‘ஹைப்பர் ஸ்போர்ட்ஸ்’ என்று இந்த வகை வளர்ந்தது.

நம்மூர் வீடுகளுக்கு வந்தவை நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தவையும் உண்டு, கடைகளில் வாங்கியவையும் உண்டு. மஞ்சளோ கறுப்போ நிறத்தில் ஒரு கேசட், மேலே ‘9999 இன் 1’ என்று அச்சு. உள்ளே போனால் அதே சில விளையாட்டுகள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பட்டியலில் ஓட்டக்காரர் உள்ள ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது கொனாமியுடையதாக இருக்கும். 1985-ல் ஜப்பானில் ஃபேமிகாமுக்கு வந்ததில் நாலு போட்டிகள் மட்டுமே இருந்தன. 1987-ல் அமெரிக்காவில் வந்த பதிப்பில் எட்டு. எந்தப் பொத்தான் ஓட, எந்தப் பொத்தான் தாவ என்பதை முதல் ஓட்டத்திலேயே தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் கேசட்டுகளை நம்பி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தட்டுவது என்றால் என்ன

இந்த விளையாட்டுகளின் அடிப்படை, வேகமாகப் பொத்தானைத் தட்டுவது. திரையின் ஓரத்தில் ஒரு வேகப் பட்டை இருக்கும், அல்லது வேகம் எண்ணாகக் காட்டப்படும். ஒவ்வொரு தட்டுக்கும் அது கொஞ்சம் ஏறும். தட்டாமல் இருக்கும் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் இறங்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுகுவதை விட வேகமாக ஊற்றினால் மட்டமேறும், நிறுத்தினால் இறங்கிவிடும். ஆகவே ஒரே மூச்சில் வெறிபிடித்தாற்போல் தட்டி, நடுவில் கை ஓய்ந்து போகிறவரை விட, கடைசிவரை ஒரே சீராகத் தட்டுகிறவர் முந்துவார்.

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் ஒரு குழப்பம் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடும் என்று நினைப்பார்கள். ஓட்டக்காரர் அங்கேயே நிற்பார். “பாட்டா, அமுக்கிப் பிடிக்காதீங்க, விட்டு விட்டுத் தட்டுங்க” என்று பிள்ளைகள் கத்தும். “செரி மக்கா, நீ ஒருக்கா காட்டு” என்று கன்ட்ரோலரைக் கொடுத்து வாங்கிப் பார்ப்பதுதான் நல்ல வழி.

ஏன் அப்படி? டிவியில் விநாடிக்கு 50 அல்லது 60 முறை படம் மாறுகிறது. படம் மாறும்போதெல்லாம் விளையாட்டு ஒரு தடவை கன்ட்ரோலரை எட்டிப் பார்க்கிறது: பொத்தான் இப்போது கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? போன தடவை மேலே இருந்து இந்தத் தடவை கீழே இருந்தால் அது ஒரு தட்டு. போன தடவையும் கீழே, இப்போதும் கீழே என்றால் கணக்கில் வராது. அதாவது அழுத்துவதைப் போலவே விடுவதும் முக்கியம். இதிலிருந்து ஓர் உச்சவரம்பும் தெரிகிறது. விநாடிக்கு 60 பார்வை என்றால், ஒன்றில் கீழே, அடுத்ததில் மேலே என்று ஒரே பொத்தானில் அதிகபட்சம் 30 தட்டு வரை எண்ணப்படலாம். மனிதக் கை அந்த எல்லையின் பக்கத்தில் கூடப் போகாது. ஒரு விரலால் தட்டும்போது ஆறு ஏழு தட்டு வருவதே பெரிது. ஜப்பானில் ஹட்சன் நிறுவனத்தைச் சேர்ந்த தகாஹாஷி மெய்ஜின் விநாடிக்கு 16 தடவை அழுத்துவார் என்பதற்காகவே நாடறிந்த மனிதரானார். அது சுடும் விளையாட்டுகளுக்காக. ஆனாலும் நம் கணக்குக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவது பெரும்பாலானோர் செய்வது. அதில் வேகம் வராது, சீக்கிரம் வலியும் வந்துவிடும். கன்ட்ரோலரை மேஜையிலோ தரையிலோ வைத்து, இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி அதே பொத்தானில் போடுங்கள். தபேலா வாசிப்பவர் விரல் போடுவது போல இருக்கும். எண்ணிக்கை உடனே கூடும். ஆர்கேட் பெட்டியில் ஓட்டத்துக்கு இரண்டு பொத்தான் இருந்ததால், இரு கையையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஜப்பானில் இன்னொரு வேலையும் செய்தார்கள். இரும்பு ஸ்கேலைப் பொத்தான்களின் மேல் படும்படி பிடித்து, ஒரு முனையைச் சுண்டிவிடுவது. ஸ்கேல் அதிர்ந்து பொத்தானை அடித்துக்கொண்டே இருக்கும். ஃபேமிகாம் பதிப்புக்காக கொனாமி ‘ஹைப்பர் ஷாட்’ என்று இரண்டே பெரிய பொத்தான் கொண்ட தனிக் கருவியையே வெளியிட்டது. சாதாரணக் கன்ட்ரோலர் இந்த அடியைத் தாங்க வேண்டியதில்லை என்பது அதில் ஒரு நல்ல விஷயம்.

நம்மூர் நகல் கன்ட்ரோலர்களில் நாலு பொத்தான் இருக்கும். இரண்டு சாதாரணம், இரண்டு டர்போ. டர்போவை அழுத்திப் பிடித்தாலே இயந்திரம் தானாகத் தட்டிக்கொடுக்கும். அதைத் தொட்டால் 100 மீட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள், போட்டியே இருக்காது. என் கருத்தில் டர்போவுக்கு வீட்டில் தடை போட வேண்டும். ஒரே விதிவிலக்கு, விரல் மூட்டு வலி உள்ள பெரியவர்கள். அவர்களுக்கு ஓட டர்போ, தாவக் கை என்று விட்டுவிடலாம். இனி வரப்போகும் கோணமும் கோடும்தான் விளையாட்டின் சுவை, அது அவர்களுக்கும் முழுசாகக் கிடைக்கும்.

லாங் ஜம்ப்: வேகம், கோடு, கோணம்

இந்த வகையில் ஒரே ஒரு போட்டியைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்த மாதிரி. அது லாங் ஜம்ப். வேகமாகத் தட்டி ஓடி வருகிறீர்கள். வெள்ளைக் கோடு நெருங்குகிறது. கோட்டுக்கு முன்னால் தாவும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை கோணம் ஏறிக்கொண்டே போகும்: 10, 20, 30, 40. விட்ட இடத்தில் கோணம் நிலைத்துவிடும். அழுத்தும் நேரம் எங்கிருந்து தாவுகிறீர்கள் என்பதைச் சொல்கிறது, விடும் நேரம் எந்தக் கோணத்தில் தாவுகிறீர்கள் என்பதைச் சொல்கிறது. ஒரு பொத்தானுக்குள் இரண்டு முடிவு. இந்த ஒன்றுக்காகவே கொனாமிக்காரர்களைப் பாராட்டலாம்.

முதல்முறை ஆடுகிறவர் பொத்தானைத் தொட்டு உடனே விட்டுவிடுவார். ஆள் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போய் மணலில் விழுவார். அடுத்த முறை பயந்து ரொம்ப நேரம் பிடிப்பார். ஆள் நேரே வானத்துக்குப் போய் அதே இடத்தில் வந்து விழுவார். நடுவில் எங்கோ இருக்கிறது சரியான இடம். அது 45 டிகிரியை ஒட்டிய பகுதி.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். எறியப்படும் பொருள் போகும் தூரம், வேகத்தின் வர்க்கத்தையும், கோணத்தின் இரண்டு மடங்குக்கான சைன் மதிப்பையும் பொறுத்தது. சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை, அதன் விளைவு முக்கியம். 45 டிகிரியில் 8 மீட்டர் போகிற ஒரு தாவலை எடுத்துக்கொள்வோம். அதே வேகத்தில் 40 டிகிரியில் விட்டால் 7.88 மீட்டர் வரும். 35-ல் 7.52. கோணத்தில் 15 டிகிரி பிசகி 30-ல் விட்டால்கூட 6.93 மீட்டர் போகும். இப்போது கோணம் கச்சிதமாக 45 இருக்க, வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்? 6.48 மீட்டர்தான். கோணத்தில் பெரிய பிழையை விட வேகத்தில் சின்னப் பிழை அதிகம் பறிக்கிறது.

அதனால் புதியவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் கோணத்தை மறந்துவிடுங்கள். கோடு வரும்வரை தட்டுவதை நிறுத்தாமல் இருக்கப் பழகுங்கள். பலரும் கோடு தெரிந்ததுமே தாவும் பொத்தானில் மனசு போய்விட, தட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். கடைசிச் சில அடியில் வேகம் ஒழுகிப் போகிறது. தட்டும் கையும் தாவும் கையும் வேறு வேறாக இருந்தால் இது நேராது: வலது கை ஓட, இடது கைப் பெருவிரல் தாவ. இது கைக்குப் பழகியபின், தாவும் பொத்தானை ‘ஒ-ண்-ணு’ என்று வாய்க்குள் சொல்லும் அளவு பிடித்துப் பாருங்கள். திரை காட்டும் கோணம் குறைவென்றால் கூட்டுங்கள், அதிகமென்றால் குறையுங்கள். கொஞ்ச நேரத்தில் 40-க்கும் 50-க்கும் நடுவில் வந்து நிற்கும்.

கோடு மட்டும் தனி ரகம். அதைத் தாண்டி அழுத்தினால் ஃபவுல், தூரம் பூஜ்யம். கோட்டுக்கு இருபது சென்டிமீட்டர் முன்னாலேயே தாவினால் இழப்பு அந்த இருபது சென்டிமீட்டர்தான். மூன்று வாய்ப்பு உண்டு என்பதால், முதல் தாவலைப் பத்திரமாக முன்னாலேயே தாவி ஒரு தூரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த இரண்டில் கோட்டை நெருங்கிப் பார்க்கலாம். நிஜமான தாண்டுதல் வீரர்களிலும் பலர் இப்படித்தான் செய்வார்கள்.

நிஜமான வீரர்கள் என்றதும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை படைத்தார். உலகச் சாதனை மைக் பவல் 1991-ல் டோக்கியோவில் தாண்டிய 8.95 மீட்டர். இவர்கள் யாரும் 45 டிகிரியில் கிளம்புவதில்லை. நிஜ லாங் ஜம்ப்பில் கிளம்பும் கோணம் ஏறக்குறைய 20 டிகிரிதான். 45 டிகிரியில் விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டுமானால் உடல் இரண்டு மீட்டருக்கு மேல் உயர வேண்டியிருக்கும். பலகையில் கால் படுவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதல் நேரம், அவ்வளவே. அதற்குள் ஒரு காலால் அவ்வளவு உயரம் உந்த எந்த மனிதனாலும் முடியாது. பள்ளிக்கூடத்தில் லாங் ஜம்ப் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள். டிவியில் கற்றதை மைதானத்தில் செய்துபார்த்தால் ஓடிவந்த வேகம் முழுக்க வீணாகும்.

ஈட்டி எறிதலும் திரையில் இதே கதைதான்: ஓட்டம், கோடு, கோணம். நீரஜ் சோப்ரா 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தப் போட்டி உடனே பிடித்துப்போகும். பெரிய எண்கள் வருவதால் உற்சாகமும் கூடும்.

மற்றப் போட்டிகள்

தடை ஓட்டத்தில் கோணம் பெரிதில்லை, தாளம்தான். நிஜ 110 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். முதல் தடை 13.72 மீட்டரில், பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே 9.14 மீட்டர். ஒரே இடைவெளி என்பதால் வேகம் மாறாதவரை தாவும் நேர இடைவெளியும் மாறாது. திரையைப் பார்த்துத் தாவுவதை விட மனசுக்குள் தாளம் போட்டுத் தாவுகிறவர்களுக்கு இது எளிதில் வரும். தடையில் இடித்தால் வேகம் சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

உயரம் தாண்டுதலில் ஆள் தானாகவே ஓடிவருவார், உங்கள் வேலை தாவும்போதுதான். சங்கிலிக் குண்டு எறிதலில் ஆள் சுற்றுவார், குண்டு சரியான திசையில் இருக்கும்போது விட வேண்டும். மும்முறை தாண்டுதலில் கோணம் மூன்று தடவை. பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் திரையில் இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். தட்டும் வேகம் இல்லாதவர்கள் பலரும் இதில் வெளுத்து வாங்குவார்கள். எல்லாப் போட்டியிலும் ஒருவரே ஜெயிக்க முடியாதபடி அமைந்திருப்பது இந்த வகைக்கே உரிய அழகு.

யார் ஜெயித்தார் என்று எப்படிச் சொல்வது

ஓட்டத்தில் விநாடி, தாண்டுதலில் மீட்டர். இரண்டையும் எப்படிக் கூட்டுவது? ஆர்கேட் பெட்டி இதற்கு எளிய வழி வைத்திருந்தது. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு தகுதி அளவு, அதை எட்டாவிட்டால் ஆட்டம் முடிந்தது. கடைக்காரருக்குக் காசு வர அது சரி. வீட்டில் அதைப் பின்பற்றினால் சின்னப் பிள்ளை முதல் போட்டியிலேயே வெளியேறி அழும்.

நிஜ டெகாத்லானில் இதற்கு ஒரு புள்ளி அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் தனிச் சூத்திரம். 100 மீட்டரை 10.40 விநாடியில் ஓடினால் ஏறக்குறைய 1000 புள்ளி. லாங் ஜம்ப்பில் 7.76 மீட்டர் தாண்டினாலும் 1000 புள்ளி. இப்படி விநாடியும் மீட்டரும் ஒரே நாணயமாக மாறிவிடுகின்றன. பத்தையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவருக்கே பதக்கம். உயரம் தாண்டுபவராக அறியப்பட்ட தேஜஸ்வின் சங்கர் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தப் பத்துப் போட்டியில் 7666 புள்ளி எடுத்து வெள்ளி வென்றார். பெண்களுக்கு ஏழு போட்டி கொண்ட ஹெப்டாத்லான். 2018-ல் ஜகார்த்தாவில் ஸ்வப்னா பர்மன் அதில் தங்கம் வாங்கினார். எல்லாவற்றிலும் முதலாக வர வேண்டியதில்லை, எதிலும் ரொம்பப் பின்தங்கக் கூடாது என்பதுதான் இந்தப் போட்டிகளின் தன்மை.

வீட்டுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். நாலு பேர் என்றால் முதலிடத்துக்கு 4, அடுத்து 3, 2, 1. ஃபவுல் மூன்றும் போனாலும் 1 உண்டு. எல்லாப் போட்டியும் முடிந்ததும் கூட்டிக்கொள்ளலாம். ஜெயித்தவருக்கு முந்திரிக்கொத்தில் பெரியது என்று வைத்தால் ஓணம் லீவில் ஒரு மத்தியானம் நன்றாகப் போகும்.

டிவியும் உப்புக் காற்றும்

வீட்டில் பழைய குண்டு டிவி இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி பரணில் இன்னும் கிடக்கலாம். இந்த விளையாட்டுக்கு அது புது டிவியை விட நல்லது. பழைய டிவி சமிக்ஞை வர வர அப்படியே வரி வரியாகத் திரையில் எழுதிவிடும். புதிய தட்டை டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அந்தத் தாமதம் சில டிவிகளில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை போகும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் திரையில் ஓடுபவர் விநாடிக்கு பத்து மீட்டர் வேகத்தில் வந்தால், அந்தத் தாமதத்துக்குள் அவர் ஒரு மீட்டர் போயிருப்பார். நீங்கள் கோட்டுக்கு முன்னால் அழுத்தினதாக நினைப்பீர்கள், விளையாட்டு ஃபவுல் என்று சொல்லும். தட்டை டிவிதான் இருக்கிறது என்றால் அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடுங்கள், தாமதம் வெகுவாகக் குறையும். பெட்டியின் வயர்களை டிவியில் சொருகும்போது மஞ்சள் துளையில் படம், வெள்ளையில் ஒலி.

கைபேசியில் ஆடுவதும் சாத்தியம்தான், ஆனால் கண்ணாடியின் மேல் தட்டுவதில் அழுத்தியதும் விட்டதும் விரலுக்குத் தெரியாது. வயர் உள்ள யுஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றைச் சொருகிக்கொள்வது மேல். புளூடூத் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். கொனாமி இந்தப் பழைய விளையாட்டுகளைப் பின்னாளில் தொகுப்புகளாகவும் வெளியிட்டிருக்கிறது. காப்புரிமை உள்ளவை என்பதால் அப்படி வாங்கி ஆடுவதே முறை.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உப்புக் காற்றும் ஈரமும் கேசட்டின் அடியில் உள்ள செம்பு நிறப் பட்டைகளை மங்க வைக்கும். தொடர்பு விட்டுப்போய்த் திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை தெரியும். எல்லோரும் கேசட்டை வாயால் ஊதுவார்கள். ஊதினால் எச்சில் ஈரம் படிந்து நாளடைவில் இன்னும் மோசமாகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை காது குடையும் பஞ்சில் தொட்டு அந்தப் பட்டைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். கன்ட்ரோலரைத் திறந்தால் பொத்தானுக்கு அடியில் ரப்பர் தகடும் அதில் கறுப்புப் புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளி தொடும் இடத்தையும் இதே மாதிரி மெல்லத் துடைத்தால், பாதித் தட்டு கணக்கில் வராத தொல்லை தீரும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். ஐப்பசி மாத மாலை மின்னலைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கையையும் கவனியுங்கள். முன்கையில் வலி எடுத்தால் அந்தப் போட்டியோடு நிறுத்துங்கள். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உயரம் தாண்டுதல் போல வேகமாகத் தட்ட வேண்டாத போட்டி ஒன்றை வைத்தால் கைக்கு ஓய்வு கிடைக்கும்.

இந்தப் பழைய பெட்டிகள் மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாச் சாதனையையும் மறந்துவிடும். அதனால் ஒரு நோட்டில் பெயர், போட்டி, அளவு, தேதி என்று எழுதி வையுங்கள். கூடவே எந்தப் பெட்டியில் ஆடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் செய்த விளையாட்டு விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. நம்முடைய டிவி முறைக்காகச் செய்த நகல் பெட்டிகள் பல 50 படத்தில் ஓடும். விளையாட்டு தன் கடிகாரத்தைப் படங்களை எண்ணித்தான் நகர்த்துகிறது. ஆகவே 50-ல் ஓடும் பெட்டியில் விளையாட்டின் ஒரு விநாடி என்பது நம் கடிகாரத்தில் 1.2 விநாடி. நீங்கள் விநாடிக்குப் பத்துத் தட்டுத் தட்டினால் அங்கே பன்னிரண்டாகக் கணக்காகும். மார்த்தாண்டத்தில் அத்தை வீட்டுப் பெட்டியில் எடுத்த 100 மீட்டர் நேரத்தையும், இங்கே கணினியில் 60 படத்தில் எடுத்த நேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினால் சண்டை வரும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.